கிரெடிட் கார்டு புள்ளிகளால் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புள்ளிகளைக் கொண்டு விமானப் பயணச்சீட்டு எடுத்தேன் என்று ஒரு விருந்தில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்று தொடங்கி உறவினர்களும் உடன் பணியாற்றுவோரும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்டுவருவதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட எழுதி வைத்துவிடுவது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கொடுத்திருக்கிறேன். எந்த நாட்டுப் பணத்துக்கும் பொருந்த வேண்டும் என்பதால், கணக்குகளில் நாணயத்தின் பெயரைச் சொல்லாமல் ‘அலகு’ என்றே எழுதியுள்ளேன்.

இதெல்லாம் உண்மையிலேயே இலவசமா? வங்கிக்காரர்கள் சும்மா கொடுப்பார்களா?

சும்மா கொடுப்பதில்லை. நீங்கள் கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் விற்பனைத் தொகையில் ஒரு சிறு சதவீதத்தைக் கட்டணமாகச் செலுத்துகிறார். அதில் கணிசமான பங்கு, இன்டர்சேஞ்ச் கட்டணம் என்ற பெயரில், உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போய்ச் சேருகிறது. அந்த வருமானத்தில் ஒரு துண்டுதான் புள்ளியாக உங்களிடம் திரும்பி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015ஆம் ஆண்டு விதியின் மூலம் தனிநபர் கிரெடிட் கார்டுகளுக்கான இந்தக் கட்டணத்துக்கு 0.3 சதவீதம் என்று உச்சவரம்பு விதித்தது. அத்தகைய வரம்பு இல்லாத அமெரிக்காவில் புள்ளிகளை அள்ளித்தரும் கார்டுகள் மலிந்து கிடப்பதற்கும், ஐரோப்பாவில் அவை அரிதாக இருப்பதற்கும் இதுவே முதன்மைக் காரணம்.

இரண்டாவது வருமானம் வட்டி. பாக்கியை முழுதாகக் கட்டாதவர்கள் செலுத்தும் வட்டியும் தாமதக் கட்டணமும், முழுதாகக் கட்டுபவர்களின் இலவசப் பயணத்துக்கும் சேர்த்துத்தான் பணம் தருகின்றன. சொல்வதற்குச் சங்கடமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

விமான நிறுவனத்தின் பக்கம் என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதத்தில் ‘ஏஅட்வான்டேஜ்’ திட்டத்தைத் தொடங்கியபோது, மைல் (விமான நிறுவனம் தன் பயணிகளுக்குத் தரும் புள்ளி) என்பது அடிக்கடி பறப்பவர்களைத் தக்கவைக்கும் உபாயமாக இருந்தது. இன்று வங்கிகள் விமான நிறுவனங்களிடமிருந்து மைல்களை மொத்தமாக விலைக்கு வாங்குகின்றன. 2020இல் பெருந்தொற்றால் விமானங்கள் முடங்கிக் கிடந்தபோது, யுனைடெட் நிறுவனம் தனது மைலேஜ்பிளஸ் திட்டத்தையே அடமானமாக வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. பறக்காத விமானத்தைவிட மைல் திட்டத்துக்குச் சந்தையில் மதிப்பு இருந்தது என்பதை அப்போதுதான் பலரும் கண்டார்கள்.

மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டிவிடுகிறேன். எனக்கும் லாபம்தானே?

இல்லை, நட்டம். 10,000 அலகு செலவழித்து 2 சதவீத மதிப்புள்ள புள்ளிகள் பெற்றால் உங்களுக்குக் கிடைப்பது 200 அலகு. மாத வட்டி 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பாக்கியை ஒரே ஒரு மாதம் தள்ளிப்போட்டாலே 300 அலகு போய்விடும். அதோடும் முடிவதில்லை. பெரும்பாலான கார்டுகளில், பழைய பாக்கி நிலுவையில் இருக்கும்வரை, புதிதாக வாங்கும் பொருள்களுக்கு வட்டியில்லாக் காலம் என்ற சலுகையே ரத்தாகி, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும்.

ஆகவே, ஸ்டேட்மென்டில் உள்ள முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்ட முடிந்தவர்களுக்கு மட்டுமே இந்தப் பக்கத்தின் எஞ்சிய பகுதி பயன்படும். கடன் பாக்கி உள்ளவர்கள் முதலில் அதை அடைத்துவிட்டு வாருங்கள். வட்டி மிச்சப்படுவதைவிடப் பெரிய புள்ளிச் சலுகையை எந்த வங்கியும் தருவதில்லை. வங்கிக் கணக்கிலிருந்து முழுத் தொகையும் தானாகவே கழியுமாறு ஏற்பாடு செய்துகொண்டால் மறதிக்கும் இடமிருக்காது. ஆனால் அந்தப் படிவத்தில் ‘முழுத் தொகை’, ‘குறைந்தபட்சத் தொகை’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அவசரத்தில் இரண்டாவதைக் குறித்துவிட்டு, நான்கு மாதங்கள் வட்டி கட்டிய ஒருவரை எனக்குத் தெரியும்.

புள்ளி, மைல், கேஷ்பேக் எல்லாம் ஒன்றுதானே?

கேஷ்பேக் என்பது பணம். அதன் மதிப்பு நாளையும் அதேதான். மைல் என்பது ஒரு விமான நிறுவனத்தின் திட்டத்தில் மட்டும் செல்லும் நாணயம். வங்கிப் புள்ளி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதைப் பொருளாகவோ பில் தள்ளுபடியாகவோ பயன்படுத்தலாம். வங்கி உடன்பாடு வைத்திருக்கும் விமான நிறுவனங்களுக்கும் ஹோட்டல் திட்டங்களுக்கும் மாற்றலாம். எங்கே போகப்போகிறோம் என்று இன்னும் முடிவாகாதவர்களுக்கு வங்கிப் புள்ளியே நல்லது, ஏனென்றால் மாற்றும் நாள்வரை முடிவு நம் கையில் இருக்கும்.

ஒரு புள்ளி எவ்வளவு பெறும்?

ஒரு பயணத்தின் பணவிலையிலிருந்து, புள்ளிகளால் எடுத்தாலும் கையிலிருந்து கட்ட வேண்டிய வரியையும் கட்டணங்களையும் கழியுங்கள். மிச்சத்தைக் கேட்கப்படும் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். பயணச்சீட்டின் விலை 24,000 அலகு. புள்ளிகளால் எடுத்தால் 40,000 புள்ளியும் 4,000 அலகு வரியும். ஆக, 20,000ஐ 40,000ஆல் வகுத்தால் புள்ளிக்கு 0.5 அலகு. அதே வங்கி பில் தள்ளுபடியாக எடுத்துக்கொண்டால் புள்ளிக்கு 0.25 தருகிறது என்றால், பயணமாக எடுப்பது இருமடங்கு லாபம், 0.6 தருகிறது என்றால், பேசாமல் தள்ளுபடியை வாங்கிக்கொண்டு பணம் கொடுத்துப் பறக்கலாம். பணம் கொடுத்து வாங்கும் சீட்டுக்குப் புதிதாக மைல்கள் சேரும், புள்ளிகளால் எடுத்த சீட்டுக்குப் பொதுவாகச் சேராது என்பதையும் துல்லியம் வேண்டுபவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

வீட்டு உபயோகப் பொருள்களும் பரிசுக் கூப்பன்களும் நிறைந்த பட்டியலை வங்கிகள் முதல் பக்கத்திலேயே வைத்திருக்கும். அந்தப் பட்டியலில் புள்ளிக்கு நல்ல மதிப்பு கிடைத்து நான் கண்டதில்லை.

100 அலகுக்கு 4 புள்ளி தருகிறார்கள், இன்னொரு கார்டில் 2தான். முதல் கார்டுதானே நல்லது?

புள்ளியின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. முதல் கார்டின் 4 புள்ளி சேர்ந்தால்தான் 1 மைல் என்றும், இரண்டாவதில் 1 புள்ளிக்கு 1 மைல் என்றும் மாற்று விகிதம் இருந்தால், 100 அலகுக்கு முதலாவது 1 மைலும் இரண்டாவது 2 மைலும் தருகின்றன. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது புள்ளி. விகிதம் விதிமுறைகளுக்குள் எங்கோ இருக்கும். ‘100 அலகு செலவுக்கு எத்தனை மைல்’ என்ற ஒரே கேள்விக்கு ஒவ்வொரு கார்டையும் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள். மாற்றுவதற்குக் கட்டணம் உண்டா, ஆண்டுக்கு இவ்வளவுதான் மாற்றலாம் என்ற வரம்பு உண்டா என்பதையும் அதே இடத்தில் தேடுங்கள்.

ஆண்டுக் கட்டணம் உள்ள கார்டை வாங்கலாமா?

முதல் ஆண்டில் பெரும்பாலும் வாங்கலாம். கட்டணத்தைவிட வரவேற்புப் புள்ளிகள் அதிகமாக இருப்பதே வழக்கம். சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் இவ்வளவு செலவு செய்தால் இவ்வளவு புள்ளி என்று ஒரு நிபந்தனை இருக்கும். ஒருவர் ஆண்டு முழுவதும் அன்றாடச் செலவில் சேர்ப்பதைவிட இந்த ஒரே சலுகையில் அதிகம் சேர்ந்துவிடுவது உண்டு. உங்கள் வழக்கமான செலவுகளோடு, எப்படியும் கட்டப்போகும் காப்பீட்டுத் தவணையையோ படிப்புக் கட்டணத்தையோ சேர்த்தால் அந்த இலக்கை எட்ட முடியுமா என்று பாருங்கள். எட்டுவதற்காகத் தேவையில்லாத பொருளை வாங்க வேண்டியிருந்தால் அந்தக் கார்டு உங்களுக்கானது அன்று. கார்டில் கட்டுவதற்கென்று தனிக் கட்டணம் பிடித்தால், அந்தச் சதவீதத்தையும் புள்ளியின் மதிப்பையும் ஒப்பிட்ட பிறகே கட்டுங்கள்.

இரண்டாம் ஆண்டில்தான் உண்மையான சோதனை. விமான நிலைய ஓய்வுக்கூடமான லவுஞ்சில் அனுமதி, காப்பீடு, ஆண்டு நிறைவுப் புள்ளி என்று வங்கி அடுக்கும் சலுகைகளில், கார்டு இல்லாவிட்டாலும் நீங்கள் பணம் கொடுத்து வாங்கியிருப்பீர்கள் என்பவற்றை மட்டும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை கட்டணத்தைவிடக் குறைவாக இருந்தால், வங்கியை அழைத்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லலாம். கேட்டால் கொடுப்பதும் உண்டு. மறுத்தால் கட்டணமில்லாத கார்டுக்கு மாறிக்கொள்ளலாம்.

உணவகத்தில்தான் சாப்பிட்டேன். உணவகங்களுக்கான கூடுதல் புள்ளி ஏன் வரவில்லை?

நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள் என்று வங்கிக்குத் தெரியாது. அந்தக் கடை எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது என்பது மட்டுமே தெரியும். கார்டு ஏற்கும் ஒவ்வொரு வணிகருக்கும் நான்கு இலக்க வகை எண் ஒன்று உண்டு. உணவகத்துக்கு 5812, துரித உணவகத்துக்கு 5814, பல்பொருள் மளிகைக்கு 5411, தங்கும் விடுதிக்கு 7011. விடுதியின் உள்ளே இருக்கும் உணவகத்தின் பில் விடுதியின் பெயரிலேயே போனால் அது 7011 ஆகத்தான் பதிவாகும். உங்களுக்கு உணவகச் சலுகை கிடைக்காது. நடுவில் ஏதேனும் பணப்பரிமாற்றச் செயலி புகுந்தாலும் எண் மாறக்கூடும்.

ஏடிஎம்மில் எடுக்கும் ரொக்கத்துக்குப் புள்ளி கிடையாது. அதற்கு அன்றே வட்டியும் தொடங்கும். மின்பணப் பைகளில் பணம் ஏற்றுவது, எரிபொருள், வாடகை, அரசு வரி ஆகியவற்றுக்குப் பல வங்கிகள் புள்ளி தருவதில்லை, அல்லது குறைத்துத் தருகின்றன. பொருளைத் திருப்பிக் கொடுத்தால், அதற்காகச் சேர்ந்த புள்ளிகளும் திரும்பிப் போய்விடும்.

வெளிநாட்டுப் பயணத்தில் எல்லாவற்றுக்கும் இந்தக் கார்டையே தேய்க்கலாமா?

அயல்நாட்டு நாணயத்தில் செலவழித்தால் பல கார்டுகள் 2 முதல் 3.5 சதவீதம்வரை மாற்றுக் கட்டணம் பிடிக்கின்றன. 1 சதவீதப் புள்ளிக்காக 3 சதவீதக் கட்டணம் கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. இந்தக் கட்டணம் இல்லாத கார்டு ஒன்றைப் பயணத்துக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கடையின் கருவி ‘உங்கள் நாட்டு நாணயத்தில் செலுத்துகிறீர்களா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். சொந்த நாணயத்தில் தொகை தெரிவது நிம்மதியாகத் தோன்றும், ஆனால் மாற்று விகிதத்தைத் தீர்மானிப்பது கருவியின் பின்னால் உள்ள நிறுவனம். விகிதம் அதற்குச் சாதகமாகவே இருக்கும்.

என்னிடம் இருக்கும் மைல் திட்டத்தின் விமானம் நான் போக வேண்டிய இடத்துக்குப் போகாதே?

அதன் கூட்டாளி போகலாம். ஸ்டார் அலையன்ஸ் 1997இலும், ஒன்வேர்ல்ட் 1999இலும், ஸ்கைடீம் 2000இலும் உருவான கூட்டணிகள். ஒரு கூட்டணியில் உள்ள நிறுவனத்தின் மைல்களைக் கொண்டு அதே கூட்டணியைச் சேர்ந்த இன்னொரு நிறுவனத்தின் விமானத்தில் இருக்கை எடுக்கலாம். ஏர் கனடாவின் ஏரோபிளான் புள்ளிகளால் லுஃப்தான்சாவிலோ, துருக்கி ஏர்லைன்ஸிலோ, ஏர் இந்தியாவிலோ பறக்கலாம், ஏனெனில் நான்கும் ஸ்டார் அலையன்ஸைச் சேர்ந்தவை. கூட்டணியில் சேராத எமிரேட்ஸ், எதிஹாட் போன்றவையும் தனித்தனியாகச் சில நிறுவனங்களோடு உடன்பாடு வைத்திருக்கின்றன.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு: ஒரே விமானத்தின் ஒரே இருக்கைக்கு வெவ்வேறு திட்டங்கள் வெவ்வேறு எண்ணிக்கையில் மைல் கேட்கும். ஒன்று தூரத்தைப் பார்த்து விலை வைக்கும், இன்னொன்று நிலப்பகுதியைப் பார்த்து வைக்கும், வேறொன்று அன்றைய பணவிலைக்கு ஏற்ப ஏற்றி இறக்கும். வங்கிப் புள்ளி உள்ளவர் அந்த இருக்கையை மூன்று திட்டங்களில் விலை பார்த்துவிட்டு, குறைவாகக் கேட்கும் இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, கத்தார், ஃபின்ஏர், ஏர் லிங்கஸ் ஆகியவை ‘ஏவியோஸ்’ என்ற ஒரே நாணயத்தைப் பயன்படுத்துவதால், அவற்றுக்கிடையே மதிப்புக் குறையாமல் மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

எப்போது தேடினாலும் இருக்கையே இல்லை என்கிறது. ஏமாற்றுகிறார்களா?

விமானத்தில் காலி இருக்கை இருப்பதும், புள்ளிகளுக்கென்று ஒதுக்கிய இருக்கை இருப்பதும் வேறு வேறு. பணம் கொடுத்து வாங்க ஆளிருக்காது என்று கணிக்கும் இருக்கைகளையே நிறுவனங்கள் குறைந்த மைல்களுக்குத் திறந்துவிடும். ஆகவே அவை இரண்டு காலங்களில் அதிகம் தென்படும்: பயண அட்டவணை திறக்கும் 330 முதல் 360 நாட்களுக்கு முன்னர் ஒன்று, விற்காமல் எஞ்சியது எவ்வளவு என்று தெரிந்துவிடும் கடைசி இரண்டு வாரங்களில் மற்றொன்று. நடுவில், அதுவும் பள்ளி விடுமுறையில், நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடினால் கிடைப்பது கடினம்.

நான்கு பேருக்குத் தேடும்போது மூன்று இருக்கைகளே இருந்தால் ‘இல்லை’ என்றுதான் திரை காட்டும். எனவே முதலில் ஒருவருக்குத் தேடிப் பாருங்கள். போகும் பயணத்தையும் வரும் பயணத்தையும் தனித்தனியாக, வெவ்வேறு திட்டங்களில்கூட, எடுக்கலாம். அருகிலுள்ள வேறு விமான நிலையத்தையும் போட்டுப் பாருங்கள். சில நிறுவனங்கள் தங்கள் நெடுந்தூர பிசினஸ் கிளாஸ் இருக்கைகளைக் கூட்டாளிகளுக்குக் காட்டாமல் சொந்த உறுப்பினர்களுக்கே வைத்துக்கொள்ளும் என்பதால், அவற்றின் தளத்தில் தெரிவது உங்கள் திட்டத்தில் தெரியாமல் போகலாம்.

எப்படியும் மாற்றத்தானே போகிறோம், புள்ளிகளை இப்போதே மைலாக மாற்றி வைத்துவிடட்டுமா?

வேண்டாம். வங்கியிலிருந்து விமான நிறுவனத்துக்குப் போகும் பாதை ஒருவழிப் பாதை; மாற்றியதைத் திரும்பப் பெற முடியாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருநாள் இரவு பதினொன்றரை மணிக்கு, நான் விரும்பிய தேதியில் இரண்டு இருக்கைகள் பச்சை நிறத்தில் தெரிந்தன. அரை மணி நேரத்துக்குள் 50,000 புள்ளிகளை மாற்ற உத்தரவு கொடுத்துவிட்டுத்தான் படுத்தேன். மைல்கள் வந்துசேர மூன்று நாட்களாயின. நான்காம் நாள் காலையில் தளத்தைத் திறந்தபோது பச்சை இருந்த இடத்தில் சாம்பல் நிறம் இருந்தது. ‘பதிவு செய்திருந்தால்தான் நாங்கள் பொறுப்பு’ என்று தொலைபேசியில் பொறுமையாக விளக்கினார்கள். அவர்கள் சொன்னதில் தவறும் இல்லை. அந்த மைல்கள் பதினான்கு மாதங்கள் கிடந்து, நான் திட்டமிடாத வேறோர் ஊருக்குப் போகப் பயன்பட்டன.

இப்போது செய்வது இதுதான். இருக்கையை ஒரு தளத்தில் பார்த்தால் கூட்டாளி நிறுவனம் ஒன்றின் தளத்திலும் பார்த்து, அது வெறும் தோற்றமன்று என்று உறுதிசெய்துகொள்கிறேன். இருக்கையைச் சில நாட்கள் பிடித்து வைக்க இயலுமா என்று தொலைபேசியில் கேட்கிறேன். சில நிறுவனங்கள் ஒப்புக்கொள்கின்றன. மாற்றம் உடனே நடக்குமா, நாட்கணக்காகுமா என்பதையும் முன்பே தெரிந்துகொள்கிறேன். வங்கிக் கணக்கிலும் மைல் கணக்கிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும்; ஒன்றில் தந்தை பெயர் சுருக்கமாகவும் மற்றொன்றில் விரிவாகவும் இருந்ததாலேயே மாற்றம் நிராகரிக்கப்பட்ட கதைகள் பல. முதல் மாற்றத்தைச் சிறு அளவில் செய்து பார்த்துவிடுவது உத்தமம்.

இலவசச் சீட்டு என்றார்கள். இறுதிப் பக்கத்தில் பெருந்தொகை கேட்கிறதே?

அதில் இரண்டு வகை உண்டு. அரசும் விமான நிலையமும் வசூலிக்கும் வரி எல்லோருக்கும் பொது. எந்தத் திட்டத்தில் எடுத்தாலும் தப்ப முடியாது. பிரிட்டனிலிருந்து கிளம்பும் பயணங்களுக்கு 1994 முதல் விதிக்கப்படும் பயணிகள் வரி இதற்கு நல்ல உதாரணம். உயர்வகுப்பில் போனால் அது அதிகம், ஆனால் அங்கே வந்திறங்குபவருக்கு இல்லை. எனவே போகும்போது அந்நாட்டுக்குள் இறங்கி, திரும்பும்போது பக்கத்து நாட்டிலிருந்து கிளம்புபவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாவது, விமான நிறுவனமே ‘எரிபொருள் கூடுதல் கட்டணம்’ என்று சேர்ப்பது. எரிபொருள் விலை இறங்கினாலும் இது இறங்குவதைக் காண்பது அரிது. இது நிறுவனத்துக்கு நிறுவனம், திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும் என்பதால், ஒரே விமானத்துக்கு ஒரு திட்டம் இதை வசூலிக்க, இன்னொன்று வசூலிக்காமலே விடும். இருக்கையைப் பார்த்ததும் மகிழ்ந்துவிடாமல், கடைசிப் பக்கம்வரை போய்த் தொகையைப் பார்த்து, மேலே சொன்ன வகுத்தல் கணக்கைப் போட்ட பிறகு மாற்றுங்கள்.

ஹோட்டலுக்குப் புள்ளிகளைப் பயன்படுத்தினால்?

பெரும்பாலும் விமானத்தைவிடக் குறைந்த மதிப்பே கிடைக்கும், ஆனால் இருக்கை தேடும் அலைச்சல் குறைவு. மேரியட் பான்வாய் திட்டத்தில் புள்ளிகளால் தொடர்ந்து 5 இரவுகள் எடுத்தால், விலை குறைந்த ஓர் இரவின் புள்ளிகள் கழிக்கப்படும். ஆகவே 4 இரவு தங்க நினைப்பவர் ஐந்தாக்கிப் பார்க்கலாம். ஹில்டனில் புள்ளிகளால் மட்டும் எடுத்த அறைக்கு ரிசார்ட் கட்டணம் (அறை வாடகைக்கு மேல் வசதிகளுக்கென்று பிடிப்பது) இல்லை. ஹோட்டல் புள்ளிகளை மைலாக மாற்றுவது கடைசி வழி: மேரியட்டில் பெரும்பாலான நிறுவனங்களுக்கு 3 புள்ளிக்கு 1 மைல்தான்.

அவசரமில்லை. பத்து வருடம் சேர்த்து, ஓய்வுபெற்றதும் உலகம் சுற்றலாம் என்றிருக்கிறேன்.

பணத்தைச் சேருங்கள், புள்ளிகளைச் சேர்க்காதீர்கள். புள்ளிக்கு வட்டி கிடையாது, அதன் மதிப்பை வெளியிட்டவரே எந்த நாளும் குறைக்கலாம். டெல்டா நிறுவனம் எந்த இடத்துக்கு எத்தனை மைல் என்ற அட்டவணையையே 2015இல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. யுனைடெட் 2019இல் அதைப் பின்பற்றியது. அட்டவணை இல்லாத இடத்தில் விலை ஏறியதை நிரூபிக்கக்கூட முடியாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல்கள் 36 மாதங்களில் காலாவதியாகும். யுனைடெட், டெல்டா மைல்களுக்குக் காலாவதி இல்லை. வேறு சில திட்டங்களில், கணக்கில் ஏதேனும் ஒரு சிறு வரவோ செலவோ நடந்தால் கெடு நீளும்.

நிறுவனமே மூழ்கவும் கூடும். ஏர் பெர்லின் 2017இல் திவாலானபோது அதன் டாப்போனஸ் திட்டமும் சேர்ந்து முடங்கியது. என் சொந்த வழக்கம்: ஒரு பயணத்தை முதலில் முடிவு செய்வேன், அதற்கு வேண்டிய அளவு சேர்ப்பேன், சேர்ந்ததும் செலவழித்துவிடுவேன். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கணக்கில் தூங்கும் புள்ளிகள் எனக்குக் கவலை தருகின்றன.

பயணத்தை ரத்து செய்தால் புள்ளிகள் போய்விடுமா?

பொதுவாகத் திரும்பிவரும், அவற்றைத் திரும்ப வரவு வைப்பதற்கான கட்டணம் திட்டத்துக்குத் திட்டம் மாறும், சிலவற்றில் இல்லவே இல்லை. ஆனால் அவை மைல் கணக்குக்குத்தான் திரும்பும், வங்கிக்கு அல்ல. இதற்கிடையில் காலாவதி நாள் கடந்த மைல்கள் திரும்பாமலும் போகலாம். பயணக் காப்பீட்டையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: கார்டோடு வரும் காப்பீடு, முழுக் கட்டணத்தையும் அந்தக் கார்டில் செலுத்தியிருந்தால் மட்டுமே செல்லும் என்று சில விதிமுறைகள் சொல்கின்றன.

கார்டை மூடிவிட்டால்?

விமான நிறுவனத்தின் கணக்குக்குப் போய்விட்ட மைல்கள் அங்கேயே இருக்கும். வங்கியில் இருக்கும் புள்ளிகள் பெரும்பாலும் கார்டோடு போய்விடும். எனவே மூடுவதற்கு முன் மாற்றிவிடுங்கள். முன்பு சொன்ன ‘அவசரப்பட்டு மாற்றாதீர்கள்’ என்ற விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு. பழைய கார்டை மூடுவதும் குறுகிய காலத்தில் பல கார்டுகளுக்கு விண்ணப்பிப்பதும் கடன் மதிப்பெண்ணைப் பாதிக்கலாம். வீட்டுக்கடன் வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் இந்த விளையாட்டைச் சிறிது காலம் தள்ளிவைப்பது நல்லது.

நண்பர்களின் செலவை என் கார்டில் போட்டு, அவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டால் புள்ளி வேகமாகச் சேருமே?

உணவக பில்லை நீங்கள் கட்டிவிட்டு மற்றவர்களிடம் பங்கு வாங்குவதில் ஒன்றுமில்லை. பணத்தைச் சுழற்றுவதற்காகவே செலவை உருவாக்குவது வேறு. அமெரிக்க நாணயச்சாலை 2008இல் 1 டாலர் நாணயங்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவர, முகமதிப்புக்கே விற்று, அனுப்பும் செலவையும் தானே ஏற்றது. சிலர் அவற்றைக் கார்டில் ஆயிரக்கணக்கில் வாங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வங்கியில் செலுத்திப் பில்லை அடைத்து மைல் சேர்த்தார்கள். 2011இல் கார்டு மூலம் வாங்குவதையே நாணயச்சாலை நிறுத்திவிட்டது. இத்தகைய ஓட்டைகள் எல்லாம் இப்படித்தான் அடைபடும். இன்றைய வங்கிகள் செலவின் வடிவத்தைக் கணினியால் கண்காணித்து, புள்ளிகளைப் பறிக்கின்றன அல்லது கார்டையே முடக்குகின்றன.

மைல்களைத் தரகரிடம் விற்பதும் வாங்குவதும் ஏறக்குறைய எல்லாத் திட்டங்களின் விதிகளுக்கும் எதிரானது. சீட்டு ரத்தாவது விமான நிலையத்தில் வைத்துத்தான் தெரியவரும் என்பதால், வாங்கியவரின் நிலை விற்றவரின் நிலையைவிட மோசம். புள்ளிகள் திருடுபோவதும் உண்டு. வங்கிக் கடவுச்சொல்லுக்குக் கொடுக்கும் மரியாதையை மைல் கணக்கின் கடவுச்சொல்லுக்கும் கொடுங்கள்.

பிசினஸ் கிளாஸில் எடுத்தால்தான் புள்ளிக்கு முழு மதிப்பு என்கிறார்கள். எகானமியில் போவது வீண்தானா?

வகுத்தல் கணக்கு இங்கேதான் நம்மை ஏமாற்றும். 1,00,000 புள்ளியும் 10,000 அலகு வரியும் கொடுத்து, 2,60,000 அலகு விலையுள்ள பிசினஸ் இருக்கை எடுத்தால் புள்ளிக்கு 2.5 அலகு. அதே 1,00,000 புள்ளிகளால், தலா 55,000 அலகு விலையும் 5,000 அலகு வரியும் உள்ள இரண்டு எகானமி சீட்டுகள் எடுத்தால் புள்ளிக்கு 1 அலகு. முதலாவதே சிறந்தது போலத் தோன்றும். ஆனால் புள்ளிகள் இல்லாவிட்டால் நீங்கள் அந்த இருக்கைக்கு 2,60,000 கொடுத்திருப்பீர்களா? அதிகபட்சம் 90,000தான் கொடுத்திருப்பேன் என்றால், வரி போக 80,000. உங்களைப் பொறுத்தவரை புள்ளிக்கு 0.8தான். இருவராக எகானமியில் போவது உங்களுக்கு அதைவிட லாபம்.

மறுபுறம், பதினான்கு மணி நேர இரவுப் பயணத்தில் காலை நீட்டிப் படுப்பதற்கு மூட்டுவலி உள்ளவர் கொடுக்கக்கூடிய விலையை இருபது வயதுக்காரரின் கணக்கால் அளக்க முடியாது. என் பெற்றோரை அழைத்துப்போனபோது இரவில் போகும் பயணத்துக்கு மட்டும் அவர்கள் இருவருக்கும் பிசினஸ் எடுத்து, பகலில் திரும்பும் பயணத்துக்கு எகானமியே எடுத்தேன். எனக்கு இரண்டு வழியும் எகானமிதான். நள்ளிரவில் எழுந்து போய்த் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தபோது, அப்பா தூங்காமல், படுக்கையை ஏற்றி இறக்கும் பொத்தானை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தார்.